ஊர் அடங்கும் நேரத்தில் காது கொடுப்பது எப்படி? அன்றாட ஒலிகளைக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ரயில் பாதை, அதை ஒட்டி ஜி.எஸ்.டி. ரோடு. வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். பதினோரு வருடம் அந்த வீட்டில் இருந்தும் எங்கள் தெருவின் குரல் எனக்குத் தெரியாமலே இருந்தது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. மூன்றாம் நாள் காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, “டொங்க்... டொங்க்... டொங்க்...” என்று சீராக ஒரு சத்தம். செம்புப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டுகிற மாதிரி இருந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது யார் பட்டறையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கைப்பிடிச் சுவர் வரை போய் எட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் தேடினேன். கடைசியில் கோயில் அரசமரத்து உச்சிக் கிளையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு பச்சைப் பறவை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. செம்மார்புக் குக்குறுவான்.

அந்தப் பறவை புதிதாக வந்ததல்ல. பதினோரு வருடமும் கோடைக்குக் கோடை அங்கே கூவிக்கொண்டுதான் இருந்திருக்கும். லாரி ஹாரனும் விமான இரைச்சலும் அதன் குரலை மூடிக் கிடந்தன. அந்த மாதங்களில் உலகம் முழுக்க இதே கதைதான். வாகனங்களும் தொழிற்சாலைகளும் நின்றதால் மனிதர்கள் நிலத்தில் உண்டாக்கும் அதிர்வே பல இடங்களில் 50 சதவீதம் வரை குறைந்ததை நிலநடுக்கமானிகள் பதிவு செய்தன. சான் பிரான்சிஸ்கோவில் எலிசபெத் டெர்ரிபெர்ரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒருவகைச் சிட்டின் பாட்டை அளந்தார்கள். நகரத்தின் இரைச்சல் 1950களின் நடுவில் இருந்த அளவுக்கு இறங்கியிருந்தது. பறவைகள் முன்பைவிடத் தணிந்த குரலில் பாடின, ஆனால் அந்தப் பாட்டு முன்பைவிட அதிகத் தூரம் எட்டியது.

ஊரடங்கு முடிந்தது, இரைச்சலும் திரும்பியது. ஆனால் சின்னச் சின்ன அமைதிகள் இன்றும் தினமும் வந்து போகின்றன, பத்து நிமிடம், அரை மணி என்று. அவை வரும்போது நாம் தயாராக இருக்கவேண்டும். கேட்ட சத்தத்துக்கு ஒரு பெயர் கையில் இருக்கவேண்டும், பெயர் இல்லாத சத்தம் மறுநாள் மறந்துபோகும். இந்த வழிகாட்டி அந்த இரண்டுக்காகவும்தான்.

அமைதி எப்போது வரும்?

முதல் வேலை, உங்கள் தெரு எப்போது அடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. எங்கள் பக்கம் விடியற்காலை மூன்றரையிலிருந்து நாலரை வரை. ராத்திரி லாரிகள் ஓய்ந்து, முதல் பால் வண்டி வருவதற்கு முன் உள்ள நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்த கையோடு இன்னொரு அரை மணி நேரம் கிடைக்கும். பலத்த மழை விட்டவுடன் பத்து நிமிடம், எல்லோரும் ஒதுங்கிய இடத்திலிருந்து இன்னும் கிளம்பாத நேரம். பொங்கலுக்குச் சென்னை காலியாகும் நாட்களும், தீபாவளிக்கு மறுநாள் காலையும் வருடத்தில் கிடைக்கிற பெரிய வாய்ப்புகள்.

எனக்குப் பிடித்தது கரண்ட் போகிற நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே பத்திரிகையில் போடுகிறார்கள், பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை. அன்று மற்றவர்கள் சலித்துக்கொள்ளும்போது நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்காருங்கள். முக்கியமாக, கரண்ட் திரும்பி வருகிற அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். ஃபேன், தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு டிவி, கீழ்க்கடையின் ஃப்ரீசர் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். இத்தனை சத்தத்துக்கு அடியில்தான் இவ்வளவு காலம் பேசிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைக்கும்.

வீட்டை அடக்குதல்

தெரு அடங்கினாலும் வீடு அடங்காமல் இருந்தால் பயனில்லை. நம் வீடுகளில் முதல் எதிரி சீலிங் ஃபேன். அதன் காற்றுச் சத்தம் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பரவிக் கிடப்பதால் சின்ன ஒலிகள் அத்தனையையும் மூடிவிடும். வியர்த்தாலும் பரவாயில்லை, நிறுத்துங்கள். அடுத்தது பிரிட்ஜ். அதன் கம்ப்ரசர் ஓடி, நின்று, மறுபடி ஓடும். பொறுமை இருந்தால் நிற்கும் வரை காத்திருக்கலாம். அணைத்துவிடுவது என்றால் வீட்டுச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு அணையுங்கள், வெளியே கிளம்பும்போது ஞாபகம் வந்துவிடும். இன்வெர்ட்டர், ரவுட்டர், செல்போன் சார்ஜர் இவற்றில் சில மெல்ல முனகும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், பிறகு அவையும் தேவைப்படும்.

இதற்குப் பிறகு குறைந்தது பத்து நிமிடம் சும்மா இருங்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் மனசுக்குள் ஓடுகிற பேச்சுதான் கேட்கும். அது தானாக ஓயட்டும். கல்யாண மண்டபத்து மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த நாளிலோ, இயர்போனில் வெகுநேரம் சத்தமாகப் பாட்டுக் கேட்ட நாளிலோ உட்காராதீர்கள். காது மரத்திருக்கும், தெளிய பல மணி நேரம் ஆகும்.

உள்ளிருந்து வெளியே, வட்டம் வட்டமாக

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயன்றால் எதுவும் பிடிபடாது. நான் ஐந்து வட்டமாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வட்டம் உடம்பு. மூச்சு, எச்சில் விழுங்குவது, சட்டைக் காலர் கழுத்தில் உரசுவது. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவது அறை. பல்லி “ட்ச் ட்ச் ட்ச்” என்று சொல்லும், அது நம் வீடுகளில் சகுனம் பார்க்கிற அளவுக்குப் பழகிய குரல். காலண்டர் தாள் சுவரில் மெல்லத் தட்டும். ஆணிக்கும் கயிற்றுக்கும் நடுவில் அது கீறுகிற சத்தம்கூடக் கேட்கும். கொசு காதருகில் வந்தால் ஒரு நொடி விரட்டாமல் கேளுங்கள். அந்த ரீங்காரம் வாயிலிருந்து வருவதல்ல. சிறகு நொடிக்கு 400, 500 முறை அடிப்பதுதான் அந்தச் சுருதி.

மூன்றாவது வீடு. தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய்க்குள் இறங்கும் நீர், வெயில் ஏறும்போது தகரக் கூரை விரிந்து “டக்” என்று போடும் சத்தம், மரக்கதவு மழைக்காலத்தில் ஊதி நிலையை உரசுவது. சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். எண்ணெய் காயும் முன் போட்ட கடுகுக்கும் காய்ந்த பிறகு போட்ட கடுகுக்கும் வெடிப்பில் வித்தியாசம் தெரியும். கால் நூற்றாண்டு சமைத்தவர்கள் இதைக் கேட்டுத்தான் தீயைக் குறைக்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான்காவது தெரு. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் “ம்ம்ம்ம்” என்று விடாமல் ஒரே சுருதியில் நிற்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தப் புலத்தால் இரண்டு முறை நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகின்றன. அதனால் அந்த முனகல் 100 அதிர்வில் கேட்கிறது. ஊர் முழுக்க எல்லா டிரான்ஸ்பார்மரும் கிட்டத்தட்ட அதே சுருதிதான். பாட்டுக் கற்றவர்கள் தம்பூராவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுவர் இடுக்கில் சுவர்க்கோழி கத்தினால் மெல்ல நெருங்குங்கள், சட்டென்று நிறுத்திவிடும். ஆண் பூச்சி மட்டும்தான் இறக்கைகளை உரசி அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. புழுக்கம் ஏற ஏற வேகம் கூடும், மார்கழிக் குளிரில் தயங்கித் தயங்கி வரும்.

ஐந்தாவது வட்டம் தூரம். அதற்குத் தனியாக வருகிறேன்.

சத்தத்தை முதலில் எழுதுங்கள், சொந்தக்காரரைப் பிறகு தேடுங்கள்

இந்தப் பழக்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். “பால்காரர் வந்தார்” என்று எழுதினால் நீங்கள் கேட்டது ஒன்றும் அதில் இல்லை. ஏற்கெனவே தெரிந்ததை எழுதியிருக்கிறீர்கள். “தொப்... தொப். கம்பிக் கதவு க்ரீச். படபடபட தூரமாகப் போகிறது” என்று எழுதுங்கள். பிறகு பக்கத்தில் “பால்காரர், மொபெட், மூன்றாம் வீட்டுக்கு இரண்டு பாக்கெட்” என்று குறியுங்கள். அதற்கு முன்தினம் ஒரு “தொப்” தான் விழுந்தது என்றால், அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள்.

இதற்குத் தமிழைப் போல வசதியான மொழி அமைவது அரிது. சலசல, சரசர, மடமட, கடகட, தடதட, நறநற, நொறுநொறு, கிணுகிணு, முணுமுணு, குறுகுறு என்று இரட்டைக்கிளவிகள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் “பிரித்தால் பொருள் தராது” என்று படித்தோம். காதுக்கு அதன் அர்த்தம் என்னவென்றால், இவை ஓடிக்கொண்டே இருக்கிற சத்தத்துக்கானவை. ஒருமுறை விழுந்து முடிகிற சத்தத்துக்கு “டொக்கென்று”, “படீரென்று”, “சளாரென்று” என்று வேறு வகை வைத்திருக்கிறோம். தண்ணீர் சலசலவென்று ஓடும், வாளித் தண்ணீர் சளாரென்று விழும். யாரும் மாற்றிச் சொல்வதில்லை. எழுத்துகளையும் கவனியுங்கள். மோதுகிற சத்தங்களுக்கு ட, ப, க. வழிகிற, உரசுகிற சத்தங்களுக்கு ல, ர. ரீங்காரத்துக்கு ங, ம, ண. நீங்கள் கேட்டதற்குப் பழைய சொல் எதுவும் பொருந்தவில்லை என்றால் இந்த எழுத்துகளை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்து, கேட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒரு பயிற்சி. எதிர்வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை, பார்க்காமல், காதால் மட்டும் பின்தொடருங்கள். வாளி தரையில் “டங்”. கையால் அள்ளித் தெளிக்கும்போது “சளக், சளக்”, சிமென்ட் தரையில் விழுவது கூர்மையாகவும் மண்ணில் விழுவது மொத்தையாகவும் இருக்கும். தென்னங்குச்சி விளக்குமாறு “சர்ரக், சர்ரக்”. நுனி தேய்ந்த பழைய விளக்குமாறு தரையைக் கீறும், புதியது வருடும். பிறகு கோலமாவு டப்பாவின் மூடி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன், மாவு விழுவதற்கு ஏது சத்தம். ஒருநாள் எங்கள் படியில் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. புள்ளி வைக்கும்போது கண்ணாடி வளையல்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் “கிண்” என்று ஒருமுறை நகரும். இழை இழுக்கும்போது வளையல் அசையாது. எட்டு புள்ளிக் கோலமா பதினைந்து புள்ளிக் கோலமா என்று அந்த வளையலை எண்ணியே இப்போது சொல்லிவிடுவேன்.

ஊர் தூங்கிய பிறகும் தூங்காமல், வீட்டுக்கு அருகில் நொச்சிப் பூ உதிர்கிற ஓசையைக் கேட்டுக்கொண்டு கிடந்ததாகச் சொல்கிற சங்கப் பாடல் ஒன்று உண்டு. பூ உதிர்வதைக் கேட்கமுடியுமா என்று சந்தேகப்பட்டதுண்டு. இப்போது சந்தேகம் இல்லை. எங்கள் கொல்லையில் முருங்கைப் பூ காய்ந்த வாழைச் சருகின் மேல் விழுவதை விடியற்காலை நாலு மணிக்கு நான் கேட்டிருக்கிறேன். “பொட்” என்றுகூடச் சொல்லமுடியாது. “ப்” தான்.

எங்கிருந்து வருகிறது?

சத்தத்தைக் கேட்பது ஒன்று, திசை சொல்வது இன்னொன்று. வலப்பக்கம் வருகிற ஒலி வலது காதை முதலில் அடைகிறது. அந்த முந்துதல் அதிகபட்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதை வைத்தே மூளை இடம் வலம் பிரிக்கிறது. ஆனால் நேர் எதிரே வருகிற சத்தத்தையும் நேர் பின்னால் வருகிற சத்தத்தையும் இரண்டு காதும் ஒரே நேரத்தில்தான் பெறும். அதனால் முன்னா பின்னா என்று குழம்பினால் தலையை மெல்லத் திருப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் இரண்டு காதிலும் சமமாகும் வரை திருப்பி, விரலால் சுட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். குழந்தைகளோடு சேர்ந்து செய்தால் அவர்கள் நம்மை மிஞ்சிவிடுவார்கள்.

குக்குறுவானைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனதற்கும் காரணம் உண்டு. அது கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். பறவை நகராமலே குரல் இடம் மாறுவது போலத் தோன்றும்.

தூரத்து ஒலிகள்

பகலில் கேட்காத ரயில் விடியற்காலையில் பக்கத்தில் ஓடுவது போலக் கேட்பதற்கு, தெரு அடங்கியது மட்டும் காரணமல்ல. பகலில் தரை சூடு, மேலே காற்று அதைவிடக் குளிர்ச்சி. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை முதலில் குளிர்ந்துவிடும். அப்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ச்சி, மேலே சூடு. ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் கடந்து நம்மிடம் வந்து சேர்கிறது. தை, மாசி விடியல்கள் இதற்கு ஏற்றவை.

ரயிலைக் கவனிக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். நம் சின்ன வயது “தடக் தடக்... தடக் தடக்” இப்போது குறைந்துவிட்டது. 13 மீட்டர் தண்டவாளங்களை இணைத்த இடைவெளிகளில் சக்கரம் விழுந்து எழுந்த சத்தம் அது. தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைக்கத் தொடங்கிய பிறகு நீண்ட “உஸ்ஸ்” மட்டும்தான், பாதை மாறும் இடங்களில் மட்டும் பழைய தடக்தடக் திரும்பி வரும். ரயில் எங்கே பாதை மாறுகிறது என்று வீட்டில் படுத்தபடியே சொல்லலாம்.

இடியின் தூரம் அறிய, மின்னல் பார்த்த கணத்திலிருந்து நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். மழை வருவதையும் முன்கூட்டியே கேட்கலாம். முதலில் தூரத்துத் தென்னைகளில் ஒரு சரசரப்பு, பிறகு அது தெருத்தெருவாக நெருங்கும், பிறகு எதிர்வீட்டுத் தகரத்தில் ஒற்றைத் துளி. துணி எடுக்க அந்த இடைவெளி போதும்.

ஒரு விடியலின் பக்கம்

என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன், அமைப்பு புரிவதற்காக. நேரம், திசை, சத்தம், ஊகம் என்ற வரிசையில் எழுதுகிறேன். ஊகம் உறுதியில்லாவிட்டால் கேள்விக்குறி போடவேண்டும், அதில் கூச்சம் வேண்டாம்.

4.10. சமையலறை. “டுக்” என்று அடங்கியது. பிரிட்ஜ்.
4.16. தெற்கு, தூரம். நீளமான ஹாரன், உஸ்ஸ், கடைசியில் தடக்தடக். தாம்பரம் பக்கம் சரக்கு ரயில்?
4.28. மின்கம்பி மேல். கீறலான இரண்டு சுதி, திரும்பத் திரும்ப. கரிச்சான். இன்னும் இருட்டு.
4.41. தெரு. படபட, தொப், தொப். பால்.
4.56. மேற்கே பாங்கு. சற்றுப் பொறுத்து வேறு திசையில் இன்னொன்று, இரண்டும் பின்னிக்கொண்டன.
5.04. வேப்பமரம். கூ...வூ, கூ...வூ, ஒவ்வொரு முறையும் சுருதி ஏறியது. ஆண் குயில்.
5.05. அதே மரம். கிக்கிக்கிக்கிக். பெண் குயில்.
5.12. எதிர்வீடு. டங், சளக்.
5.30. முதல் காகம். அதற்குப் பிறகு பிரித்தெழுத முடியவில்லை.

குயில் பாட்டைப் பெண்குரலுக்கு உவமை சொல்லியே நமக்குப் பழக்கம். பாடுவது ஆண் குயில். பெண்ணின் குரல் அந்தக் கிக்கிக் தான்.

பறவைக்குரலுக்குப் பெயர் சொல்ல மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் உருவாக்கியது. ஆனால் முதல் ஒரு மாதம் அதைத் திறக்கவேண்டாம் என்பது என் கருத்து. செயலி உடனே பெயரைச் சொல்லிவிட்டால் காது அதோடு வேலையை நிறுத்திவிடுகிறது.

செல்போனில் பதிவு செய்ய விரும்பினால் விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கையில் பிடித்தால் விரல் அசைவே பெரிதாகப் பதிவாகும். வாரம் ஒருமுறை, ஒரே இடம், ஒரே நேரம், ஐந்து நிமிடம் போதும். கோப்பின் பெயரில் தேதியும் இடமும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழுந்தால் அதைப் பதிவிலோ நோட்டிலோ வைக்காதீர்கள். கோபமோ அழுகையோ கேட்டால் பேனாவை மூடிவிடுங்கள். சாணை பிடிப்பவரின் சக்கரம், சோன்பப்டி வண்டியின் மணி, ராத்திரிக் காவலர் கம்பத்தில் தட்டும் தடி போன்றவற்றை முதலில் பதிவு செய்யுங்கள். உப்பு விற்பவர் தன் குரலில் கூவியது போய், ஒலிபெருக்கியில் பதிந்த குரல் எங்கள் தெருவுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பழைய குரல் என்னிடம் இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அடங்கியது ஊரா, காதா?

ஊரடங்கின் இரண்டாவது வாரம். அம்மாவும் நானும் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்திருந்தோம். கொய்யா மரத்தில் அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது, பூனையைப் பார்த்திருக்கவேண்டும்.

“என்னம்மா, இந்த அணில் இந்தப் போடு போடுது?”

“எந்த அணில்?” என்றார் அம்மா.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் கை காட்டிய பிறகுதான் அதன் வால் துள்ளுவதைப் பார்த்தார். அதற்கு முந்தைய இரண்டு வருடமாக டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது, குக்கர் விசிலை எண்ணுவதில் தடுமாறியது, பேத்தி போனில் பேசினால் “அப்பாகிட்ட குடு” என்று சொன்னது, எல்லாம் ஒரே கணத்தில் கோவையாக வந்து நின்றன. தெருவின் இரைச்சல் இருந்தவரை நாங்கள் அதன்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். தெரு அடங்கியபோது அம்மாவுக்கு எவ்வளவு கேட்கவில்லை என்பது தெரிந்தது.

வயதோடு வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் உயர்ந்த சுருதியில்தான் தொடங்கும். பல்லி, அணில், சுவர்க்கோழி, குழந்தைகளின் குரல் முதலில் மங்கும். பேச்சில் உயிரெழுத்துகள் கேட்கும், ச, த, ப போன்றவை நழுவும். அதனால்தான் “பேசறது கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல” என்கிறார்கள். அமைதியான நேரத்தில் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து இந்த ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். சோதிப்பது போல அல்ல, துணையாக. வித்தியாசம் தெரிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கேட்புத்திறன் பரிசோதனை உண்டு. சிலருக்கு வெறும் காதுக் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கும். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் அடைத்துப்போனால் மட்டும் நாள் கடத்தவே கூடாது. அது அவசரம், அன்றைக்கே போகவேண்டும். சீக்கிரம் போனால்தான் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கி முதல்முறை பொருத்தியபோது நாங்கள் ஆளுக்கொன்றாகப் பேசிக் காட்டினோம். அவர் எங்களைக் கவனிக்கவே இல்லை. எழுந்து நின்று இரண்டடி நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார்.

“டேய், என் பொடவை சத்தம் போடுதுடா.”

கருவி போட்டவர்களுக்கு முதல் வாரங்கள் சிரமம். பேப்பர் புரட்டுவது, பாத்திரம் வைப்பது எல்லாம் அடிப்பது போல இருக்கும், கழற்றி அலமாரியில் வைத்துவிடத் தோன்றும். மேலே சொன்ன ஐந்து வட்டங்கள் அப்போது உதவின. முதல் வாரம் அறைக்குள் மட்டும், தினம் ஒரு மணி நேரம். அடுத்த வாரம் வீடு. தெருவுக்கு வர ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்லச் சொல்ல, அது தொந்தரவாக இருப்பது குறைந்தது என்று அம்மாவே சொன்னார்.

நோட்டு இப்போது இரண்டு பேருக்கும் பொது. போன மாதம் ஒரு காலை நான் எழுதியிருந்தேன்: “5.20. மேல் வீடு. சர்ர்... சர்ர்... சர்ர். நின்றது. தெரியவில்லை.” மறுநாள் பார்த்தால் அதன் கீழே அம்மாவின் கையெழுத்து, பென்சிலில்: “காபி ஆத்துறா. நுரை வந்ததும் நிறுத்திட்டா.”